கைக்குழந்தையின் தலைக்காயம்: உடற்கூறாய்வை எந்த வரிசையில் செய்வது?

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து அரசு மருத்துவமனைப் பிணவறைகளுக்கு ஒரு வயதுக்குக் கீழே உள்ள குழந்தையின் உடல் அடிக்கடி வருவதில்லை. வருகிற அன்று கை பழக்கதோஷத்தில் ஓடும். பெரியவர்களுக்குச் செய்வதுபோல் மண்டையில் ரம்பம் வைத்து, மூளையை எடுத்துப் பச்சையாகவே நறுக்கிப் பார்த்து, மாலைக்குள் "தலைக்காயத்தால் மரணம்" என்று எழுதிக் கொடுத்துவிடலாம். அந்தச் சான்றிதழால் யாருக்கும் பயனில்லை. குழந்தையின் தலையில் கண்டுபிடிப்பதற்குச் சமமான வேலை, இருப்பதைக் கலைக்காமல் வைத்திருப்பது. ஒரு படியை முன்பின் மாற்றிவிட்டால் அதற்குரிய சான்று திரும்பக் கிடைக்காது. தடயவியல் மருத்துவம் படிக்கும் பட்டமேற்படிப்பு மாணவர்களுக்கும், தாலுகா மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனைப் பணி விழும் மருத்துவர்களுக்கும், வழக்கை நடத்தப்போகும் வழக்கறிஞர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

இந்த மண்ணுக்கென்று ஒரு சுமையும் இருக்கிறது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் சேலத்தில் தொடங்கிய, பெற்றோர் வேண்டாம் என்று விடும் குழந்தையை அரசே ஏற்கும் தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-ல் தர்மபுரிக்கும் வந்தது. அந்தப் பழைய பெயரால், பெண் குழந்தை இறந்தாலே ஊர் தாயைத்தான் பார்க்கும். அதற்கு நேர் எதிராக, "தூளியிலிருந்து விழுந்துவிட்டது" என்ற ஒரு வரியை அப்படியே நம்பிப் புதைத்துவிடுவதும் நடக்கிறது. மருத்துவர் இந்த இரண்டில் எதையும் மனதில் வைத்துக்கொண்டு கத்தியை எடுக்கக் கூடாது.

உடலைத் தொடுவதற்கு முன்

2024 ஜூலை 1 முதல் மரண விசாரணை நடப்பது புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆம் பிரிவின் கீழ். பழைய சட்டத்தின் 174-தான் அது. விசாரணை அறிக்கையைப் படியுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். "குழந்தை கட்டிலிலிருந்து விழுந்து இறந்தது" என்று அதில் இருக்கும். எவ்வளவு உயரம், என்ன தரை, யார் பார்த்தார்கள், விழுந்தபின் அழுததா, பால் குடித்ததா என்பதெல்லாம் பெரும்பாலும் இருக்காது.

கேட்டு வாங்க வேண்டியவற்றில் முதலாவது சிகிச்சைத் தடம். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தலைக்காயங்கள் பல பெங்களூரு நிம்ஹான்ஸ் நரம்பியல் மருத்துவமனைக்கும், தர்மபுரிப் பக்கத்தவை சேலத்துக்கும் போகின்றன. வழியில் இரண்டு மூன்று மருத்துவமனைகள் கைமாறியிருக்கும். ஒவ்வொன்றிலும் எடுத்த சி.டி. ஸ்கேனை ஃபிலிமாக வாங்காமல் குறுந்தட்டில் முழுப் படத் தொகுப்பாக வாங்குங்கள். சேர்த்தவுடன் எடுத்த முதல் ரத்த மாதிரி ஆய்வகக் குளிர்பெட்டியில் இன்னும் இருந்தால் அது தங்கம். பிளாஸ்மாவும் வைட்டமின் கே-யும் ஏற்றிய பிறகு எடுத்த ரத்தத்தில் உறைதல் கோளாறைத் தேடிப் பயனில்லை. தாய் சேய் நல அட்டையைப் பாருங்கள்: எங்கே பிரசவம், ஆயுதம் போட்டா, எடை எவ்வளவு, பிறந்ததும் வைட்டமின் கே ஊசி போட்டார்களா, தலைச்சுற்றளவு மாதாமாதம் எப்படி ஏறியிருக்கிறது.

அடுத்தது வீட்டாரிடம் பேசுவது. கடைசியாகக் குழந்தை எப்போது வழக்கம்போல் இருந்தது, அதன்பின் யார் யார் கையில் இருந்தது என்பதுதான் மையக் கேள்வி. குற்றம் சாட்டும் குரலில் கேட்டால் பதில் அங்கேயே அடைத்துக்கொள்ளும். நம் வீடுகளில் உரம் எடுப்பதும் (சுளுக்கு என்று குழந்தையைப் பிடித்து நீவி உருட்டுவது), தொக்கு எடுப்பதும் (உள்ளே சிக்கியதை எடுப்பதாகச் சொல்வது), தலையை உருட்டிப் பிடித்துக் குளிப்பாட்டுவதும் இன்னும் உண்டு. "பாட்டி, உரம் எடுத்தப்போ குழந்தைய எப்படிப் புடிச்சீங்க? இந்தப் பொம்மைய வச்சுக் காட்டுங்கம்மா" என்று கேட்டால் அவர்களே செய்து காட்டுவார்கள். அதுதான் காரணம் என்று முடிவுகட்டுவதற்காக இதைக் கேட்கவில்லை. பிறகு நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு அதைக் கிளப்பும்போது, என்ன நடந்தது என்பதற்கு அன்றைய பதிவு ஒன்று நம் கையில் இருக்க வேண்டும்.

சம்பவ இடத்தை முடிந்தால் நேரில் பாருங்கள். முடியாவிட்டால் காவல் ஆய்வாளரிடம் அளவுகளைக் கேட்டு வாங்குங்கள். தூளியின் அடிப்பக்கம் தரையிலிருந்து 60 செ.மீ. என்றால் குழந்தை தரையைத் தொடும் வேகம் நொடிக்குச் சுமார் 3.4 மீட்டர். 1 மீட்டர் உயரக் கட்டில் என்றால் 4.4 மீட்டர். சாணி மெழுகிய மண் தரையா, சிமெண்டா, டைல்ஸா என்பதும் அதே அளவு முக்கியம். தொப்பூர் கணவாய் போன்ற சாலையில் மடியில் குழந்தையோடு இருசக்கர வாகனத்தில் வந்து விழுந்த கதை வேறு வகை. அங்கே விசையைப் பற்றிச் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

மாலை நாலு மணிக்கு உடல் வந்தால் அவசரப்படாதீர்கள். இரவிலும் உடற்கூறாய்வு செய்யலாம் என்று 2021 நவம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் அனுமதித்தபோதே கொலை, சந்தேக மரணம் போன்றவற்றுக்கு விலக்கு வைத்தது. காலை வெளிச்சத்தில் செய்யுங்கள். குளிர்பெட்டியில் வைக்கலாம், உறைய விடாதீர்கள். மூளை உறைந்து விரிந்தால் மண்டையோட்டில் பொய்யான பிளவு வரும்.

கத்திக்கு முன் எக்ஸ்ரே

முழு உடலையும் ஒரே ஃபிலிமில் அடக்கி எடுப்பது வீண் வேலை. மண்டைக்கு இரண்டு கோணம், மார்பு, விலாவுக்குச் சாய்வுக் கோணங்கள், முதுகெலும்பு, ஒவ்வொரு கை கால், உள்ளங்கை, பாதம் என்று தனித்தனியாக வேண்டும். கதிரியல் மருத்துவர் படத்தைப் பார்த்துச் சொன்ன பிறகே மேசைக்குப் போகலாம். விலாவின் பின்பகுதி முறிவும், நீள் எலும்புகளின் வளர்முனையில் வரும் சிறு துணுக்கு முறிவும் வெளிக்காயம் இல்லாமலே இருக்கும். எங்கே வெட்டிப் பார்க்க வேண்டும் என்பதை இந்தப் படங்கள்தான் சொல்லும்.

வெளிப்புறம்

எடை, நீளம், தலைச்சுற்றளவு. பிறந்த குழந்தைக்குச் சுற்றளவு 33 முதல் 35 செ.மீ. இருக்கும். மாதங்களுக்கு ஏற்ற அளவைத் தாண்டிப் பெரிதாக இருந்தால், தலைக்குள் இடம் முன்பே அகன்றிருந்ததா என்ற கேள்வி எழும். உச்சிக்குழியைத் தடவிப் பாருங்கள், புடைத்திருக்கிறதா, குழிந்திருக்கிறதா. முன் உச்சிக்குழி 12 முதல் 18 மாதத்தில் மூடும், பின்னது 2, 3 மாதத்திலேயே மூடிவிடும்.

காதுமடலின் பின்புறம், தாடையின் அடி, கழுத்து மடிப்பு, உதட்டின் உட்புறம், மேலுதட்டையும் ஈறையும் இணைக்கும் சிறு தசைநார் எல்லாவற்றையும் விரித்துப் பார்த்துப் படம் எடுங்கள். தசைநார் கிழிவு குழாய் போடும்போதும் வரலாம், எனவே சிகிச்சைக் குறிப்போடு ஒப்பிடுங்கள். இடுப்பிலும் பிட்டத்திலும் இருக்கும் நீலத்திட்டு பெரும்பாலும் பிறவி நிறமிதான். சந்தேகம் இருந்தால் சிறிதாகக் கீறிப் பாருங்கள், ரத்தக்கட்டு என்றால் அடியில் சிவக்கும். சூடு வைத்த தழும்பு இருந்தால் அளவோடு குறியுங்கள்.

தலைத்தோல்

முடியை மழித்துவிடுங்கள். குடும்பத்துக்கு வருத்தம்தான், ஆனாலும் அடர்ந்த முடிக்குள் ஒரு செ.மீ. கன்றலை விட்டுவிடுவது எளிது. ஒரு காதின் பின்புறத்திலிருந்து மறு காதின் பின்புறம் வரை கீறி, தோலை முன்னும் பின்னும் மடக்குங்கள். காயம் பெரும்பாலும் தோலின் உட்பக்கத்தில்தான் தெரியும். ஒவ்வொரு ரத்தக்கட்டையும் தனி எண்ணிட்டு அளந்து, எந்த அடுக்கில் இருக்கிறது என்று எழுதுங்கள். பிரசவத்தில் வரும் கேபுட் என்ற தலைத்தோல் வீக்கம், மண்டை எலும்புகள் சேரும் பொருத்துக்களைத் தாண்டிப் பரவும். எலும்புறைக்கு அடியில் தேங்கும் செபல்ஹீமட்டோமா ஒரு எலும்போடு நின்றுவிடும். இரண்டு தனித்தனி இடங்களில் ரத்தக்கட்டு இருந்தால் "ஒரே விழுகை" என்ற கதையோடு அதைப் பொருத்திப் பார்க்க வேண்டும். அதையே முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பிறகு நெற்றிப்பொட்டுப் பக்கத்து டெம்போரலிஸ் தசையைக் கழற்றி, எலும்புறையையும் சுரண்டி எடுங்கள். மயிரிழைப் பிளவு அதன் கீழே ஒளிந்திருக்கும். பிளவா, கூடுதல் பொருத்தா என்ற குழப்பம் இங்கே அடிக்கடி வரும். கூடுதல் பொருத்துக்குப் பல்விளிம்பு இருக்கும், பெரும்பாலும் இரு பக்கமும் ஒத்திருக்கும். பிளவின் விளிம்பு கூர்மையாக, ரத்தம் தோய்ந்து இருக்கும். மண்டையோட்டு எலும்பில் நீள் எலும்புபோல் காலஸ் (முறிவு கூடும்போது திரளும் புது எலும்பு) உருவாவதில்லை. ஆகவே பிளவை மட்டும் பார்த்து "இத்தனை நாள் பழையது" என்று சொல்ல முடியாது.

உச்சியின் இரு பக்கமும் உள்ள பெரைட்டல் எலும்பில் ஒற்றை நேர்க்கோட்டுப் பிளவு குறைந்த உயர விழுகையிலும் வரும். பல பிளவுகள், உள்ளே அமுங்கியவை, பொருத்தைத் தாண்டி ஓடியவை, பொருத்தே விரிந்தவை எல்லாம் கூடுதல் விசையைச் சுட்டும். சுட்டும் என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மண்டையோட்டைத் திறப்பது

ரம்பத்தை ஓரமாக வையுங்கள். எலும்புகள் இன்னும் இணையாத வயதில் கத்தரிக்கோலே போதும். பெனகே முறை என்று பாடநூல்களில் இருப்பது இதுதான். முன் உச்சிக்குழியின் பக்கவாட்டு மூலையில் சிறு துளை போட்டு, முனை மழுங்கிய கத்தரியை நுழையுங்கள். நடுக்கோட்டிலிருந்து சுமார் 1 செ.மீ. தள்ளி, அதற்கு இணையாகப் பின்னோக்கி வெட்டுங்கள். முன்புறம் கொரோனல் பொருத்து, பின்புறம் லாம்ப்டாய்டு பொருத்து வழியாகக் கீழிறங்கி, காதுக்கு மேலே மட்டும் ஒட்டு விடுங்கள். பெரைட்டல் எலும்பு கதவு மாதிரி வெளிப்பக்கம் திறக்கும். மறுபக்கமும் அப்படியே. நடுவில் மிஞ்சும் 2 செ.மீ. பட்டையில் சாஜிட்டல் சைனஸும் (மூளையின் ரத்தம் வடியும் பெருஞ்சிரை) அதன் கீழே ஃபால்க்ஸும் (மூளையின் இரு பாதிகளுக்கும் நடுவே உள்ள உறைமடிப்பு) சேதமில்லாமல் நிற்கும்.

இந்தப் பட்டைக்காகத்தான் இவ்வளவு பாடும். மூளையின் மேற்பரப்பிலிருந்து சைனஸுக்குப் போகும் இணைப்புச் சிரைகள் இங்கேதான் இருக்கின்றன. அவை கிழிந்ததாலேயே சப்டியூரல் ரத்தக்கசிவு, அதாவது டியூரா என்ற மூளையின் வெளியுறைக்கு அடியில் ரத்தக்கசிவு என்று நீதிமன்றத்தில் சொல்லப் போகிறோம். வழக்கமான முறையில் மண்டையின் மேல்மூடியை இழுத்துத் திறந்தால் நாமே அவற்றைக் கிழித்துவிடுவோம், பிறகு எது யார் செய்தது என்று தெரியாது. பட்டையை விட்டுவைத்து, மூளையின் ஓர் அரைக்கோளத்தை விரலால் மெல்லச் சாய்த்தால் சிரைகள் நீண்டு நிற்பதையோ அறுந்து சுருண்டிருப்பதையோ கண்ணால் பார்க்கலாம், படமும் எடுக்கலாம்.

குழந்தைகளுக்கு டியூரா எலும்போடு இறுக ஒட்டியிருப்பதால் எலும்போடு சேர்ந்தே அதுவும் வெட்டுப்படும். கதவைத் திறந்த நொடியில் ரத்தம் வெளியே வரும். அளவு குறிக்கப்பட்ட சிரிஞ்சும், கேமராவும், ஓர் உதவியாளரும் முன்பே தயாராக இருக்க வேண்டும். ரத்தம் மேசையில் வழிந்தோடிய பிறகு அளவைக் குத்துமதிப்பாக எழுதுவது எழுதாததற்குச் சமம். குழந்தையின் சப்டியூரல் ரத்தம் பெரும்பாலும் சில மில்லி மட்டும், மெல்லிய படலமாக இருக்கும். மூளையை அழுத்திக் கொல்லும் அளவு அது அல்ல, உள்ளே என்ன நடந்தது என்பதன் அடையாளம். திரவமா, கட்டியா, பழுப்பா, டியூராவின் உட்புறம் சவ்வுபோல் ஒட்டியிருக்கிறதா, இரண்டு நிறங்களும் அருகருகே இருக்கின்றனவா என்று விவரமாக எழுதுங்கள்.

அதன்பின் ஃபால்க்ஸ், சிறுமூளைக்கு மேலே உள்ள உறைமடிப்பான டென்டோரியம் இரண்டையும் பாருங்கள். பிறந்து சில மணி நேரமேயான குழந்தையில் டென்டோரியக் கிழிவு பிரசவத்தோடு சேர்ந்தது. சைனஸை நீளவாக்கில் திறந்து, ரத்தம் உறைந்து அடைத்திருக்கிறதா என்று பார்க்க மறக்காதீர்கள். மூளையை எடுத்த பிறகு தேடினால் அதற்குள் கலைந்திருக்கும்.

மூளை

பிறந்த குழந்தையின் மூளை 350 முதல் 400 கிராம், ஒரு வயதில் 900-ஐத் தாண்டும். நீர் அதிகம், நரம்பிழையை மூடும் மைலின் குறைவு, எனவே கூழ்போல் இருக்கும். தலையைப் பின்னால் தொங்கவிட்டு, அதன் எடையாலேயே உள்ளங்கைக்குள் வரவிடுங்கள். தண்ணீர் நிறைந்த பாத்திரத்துக்குள் இறக்குவது இன்னும் நல்லது. கழுத்துத் தண்டுவடத்தை முடிந்தவரை கீழே வெட்டுங்கள். தலையும் கழுத்தும் சேருமிடத்தில் காயம் என்ற சந்தேகம் வலுவாக இருந்தால், முதுகுப்புறம் வழியாகப் பின்மண்டை எலும்பின் ஒரு துண்டையும் மேல் கழுத்தெலும்புகளின் வளைவுகளையும் எடுத்து, மூளைத்தண்டும் தண்டுவடமும் அறுபடாமல் ஒன்றாக எடுப்பதே சரி.

எடையைப் போடுங்கள், படம் எடுங்கள், ஃபார்மலினில் இறக்குங்கள். வெட்டாதீர்கள். 10 சதவீத ஃபார்மலின், மூளையைப்போல் பத்து மடங்கு அளவு, அடியில் பஞ்சு மெத்தை, ஒரு நாள் கழித்து திரவம் மாற்றல், குறைந்தது 2 வாரம். பச்சையாக வெட்டிய குழந்தை மூளையில் வெண்பொருள் கிழிவும் கத்தி இழுத்த கிழிவும் ஒன்றுபோல் தெரியும். ஐந்தாறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பெரியவர்களைப்போல் மேற்பரப்பில் கன்றல் வருவது குறைவு, மேற்பரப்புக்குச் சற்று அடியில் பிளவுகளாக வரும். அதனாலேயே இந்தக் காத்திருப்பு.

குடும்பத்திடம் இதை நீங்களே சொல்லுங்கள், கான்ஸ்டபிள் வழியாக அல்ல. "ஐயா, உடம்ப இப்பவே தர்றோம். மூளையும் கண்ணும் பரிசோதனைக்கு ரெண்டு மூணு வாரம் இருக்கணும். அத விட்டா குழந்தைக்கு என்ன ஆச்சுன்னு உறுதியா சொல்ல முடியாதுங்க." பெரும்பாலோர் ஒத்துக்கொள்கிறார்கள். சொல்லாமல் எடுத்து வைத்துக்கொண்டு பிறகு தெரியவந்தால்தான் பிரச்சினை. பரிசோதனை முடிந்தபின் திசுக்களை என்ன செய்வது என்பதையும் அப்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

திசு மாதிரிகளை மூளையின் இரு பாதிகளை இணைக்கும் கார்பஸ் கலோசம், நடுக்கோட்டை ஒட்டிய வெண்பொருள், ஆழத்து நரம்பிழைக் கற்றையான இன்டர்னல் கேப்சூல், மூளைத்தண்டின் பகுதிகளான பான்ஸ், மெடுலா, தண்டுவடத்தின் பல மட்டங்கள், சைனஸோடு சேர்ந்த டியூரா ஆகியவற்றிலிருந்து எடுங்கள். இரும்பைக் காட்டும் பெர்ல்ஸ் சாயம் பெரும்பாலான ஆய்வகங்களில் உண்டு. இரும்பு ஏறிய செல்கள் தெரிந்தால் ரத்தம் கசிந்து சுமார் 2, 3 நாளாவது ஆகியிருக்கும். அதைவிடத் துல்லியமாக நாள் குறிப்பது ஆபத்து. நரம்பிழைக் காயத்துக்கு, அறுந்த இழையில் தேங்கும் ஒரு புரதத்தைக் காட்டும் பீட்டா ஏ.பி.பி. சாயம் தேவை, அதற்கு நரம்பு நோய்க்குறியியல் வசதியுள்ள மையத்தின் உதவி வேண்டும். காயத்துக்குப் பின் இரண்டு மணி நேரமாவது உயிர் இருந்திருந்தால்தான் இது நம்பும்படி தெரியும். மூளைக்கு ஆக்சிஜன் குறைந்தாலும் இதே சாயம் ஏறும், ஆனால் நரம்பிழை வழியாகச் சிதறாமல் வளைந்து நெளிந்த திட்டாக இருக்கும். இரண்டையும் பிரிக்காமல் "அதிர்வுக் காயம் உறுதி" என்று எழுதினால் குறுக்கு விசாரணையில் நிற்காது.

மூளை வெளியே வந்ததும் மண்டையடியில் ஒட்டியுள்ள டியூரா முழுவதையும் உரியுங்கள், அடிமுறிவு அதன் கீழேதான் இருக்கும். நடுச்செவியின் கூரையைத் திறந்து சீழ் இருந்தால் நுண்ணுயிர் வளர்ப்புக்கு அனுப்புங்கள்.

தண்டுவடம், கண்கள், கழுத்து

உடலைக் குப்புறப் போட்டு முழு நீளத் தண்டுவடத்தையும் டியூராவோடு எடுங்கள். டியூராவுக்கு வெளியே உள்ள ரத்தத்தை மட்டும் வைத்து எதையும் சொல்லாதீர்கள், குழந்தைகளில் இறந்தபின் தேங்கும் ரத்தமும் அப்படித்தான் தெரியும். நரம்பு வேர்களையும் கழுத்துத் தசைநார்களையும் சேர்த்துப் பாருங்கள்.

கண்ணில் முதல் விதி: விழிக்கோளத்துக்குள் இருக்கும் பாகுநீரை (விட்ரியஸ்) ஊசியால் எடுக்காதீர்கள். ரசாயனப் பரிசோதனைக்காக எல்லா உடலிலும் செய்வதுதான், ஆனால் தலைக்காயச் சந்தேகத்தில் அந்த ஊசியே விழித்திரையைக் கெடுக்கும். மண்டைக்குள்ளிருந்து கண்குழியின் கூரையை நீக்கி, பார்வை நரம்போடும் சுற்றியுள்ள கொழுப்போடும் கண்ணைப் பின்பக்கமாக எடுங்கள். வெளித்தோற்றம் மாறாது. ஃபார்மலினில் ஊறியபின் வெட்டும்போது, ரத்தக்கசிவு எத்தனை, எந்தெந்த அடுக்கில், விழித்திரையின் விளிம்பான ஓரா செராட்டா வரை போகிறதா, அடுக்குகள் பிளந்திருக்கின்றனவா, பார்வை நரம்பு உறைக்குள் ரத்தம் உண்டா என்று வரையுங்கள். சுகப்பிரசவத்தில் பிறந்த குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு விழித்திரைக் கசிவு இருக்கும், பெரும்பாலும் சில வாரத்துக்குள் மறைந்துவிடும். எனவே மூன்று வாரக் குழந்தைக்கும் ஐந்து மாதக் குழந்தைக்கும் ஒரே அர்த்தம் இல்லை.

மார்புக்கூட்டில் உள்ளுறையை உரித்து ஒவ்வொரு விலாவையும் விரலால் தடவுங்கள். கழுத்து கடைசி. தலையும் மார்பும் காலியாகி ரத்தம் வடிந்தபின் திறந்தால்தான் உண்மைக் காயமும் தேங்கிய ரத்தமும் பிரிந்து தெரியும்.

நோயா என்று தேடுவது

ஒப்புக்குச் செய்யும் படி அல்ல இது. நம் பகுதியில் வீட்டுப் பிரசவமும், மலைக்கிராமங்களில் ஊசி தவறுவதும் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. வைட்டமின் கே ஊசி போடாமல் தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு இரண்டு வாரத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் திடீரென்று மூளைக்குள் ரத்தம் கசியலாம், அடி எதுவும் படாமலே. அத்தை மாமன் பிள்ளைகள், தாய்மாமன் அக்கா மகள் என்று உறவில் கட்டும் வழக்கம் இருப்பதால் குளூட்டாரிக் அசிடூரியா (உடலால் சில அமினோ அமிலங்களைச் சிதைக்க முடியாத நோய்) போன்ற பரம்பரைக் கோளாறுகளையும் நினைக்க வேண்டும். அதில் சப்டியூரல் ரத்தமும் சில சமயம் விழித்திரைக் கசிவும் வரும். வடிதாளில் ரத்தப் பொட்டு, சிறுநீர், பித்தம், உறைய வைத்த கல்லீரல் துண்டு, செல் வளர்ப்புக்குச் சிறு தோல் துண்டு ஆகியவற்றை அன்றே எடுத்தால் உண்டு. மூளைக்காய்ச்சலுக்குத் தண்டுவட நீர், எலும்பு நொறுங்கு நோய்க்குக் கண்வெண்மையின் நிறமும் மண்டையோட்டின் சிறு தீவு எலும்புகளும்.

குப்பைத்தொட்டியில், கிணற்றோரம் கிடைத்த பச்சிளங் குழந்தை என்றால் கேள்வியே வேறு: உயிரோடு பிறந்ததா? புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 91 (உயிரோடு பிறக்காமல் தடுப்பது அல்லது பிறந்ததும் சாகச் செய்வது), 93 (கைவிடுவது), 94 (உடலை ஒளித்துப் பிறப்பை மறைப்பது) பிரிவுகள் தனித்தனிக் குற்றங்கள். எதிர்பாராமல் வேகமாக நடந்த பிரசவத்தில் குழந்தை தரையில் விழுந்து மண்டை பிளப்பதும் உண்டு. தொப்புள்கொடி வெட்டப்பட்டதா, இழுபட்டு அறுந்ததா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

கருத்து எழுதுவது

முதல் நாள் சான்றிதழில் "இறுதிக் கருத்து திசுப் பரிசோதனைக்குப் பின்" என்று மட்டும் எழுதுங்கள். காவல் நிலையத்திலிருந்து எத்தனை போன் வந்தாலும் சரி.

இறுதி அறிக்கையில் கண்டதையும் கருதியதையும் வேறு வேறு பத்தியில் வையுங்கள். 1971-ல் பிரிட்டிஷ் மருத்துவர் கத்கெல்ச், 1972-ல் அமெரிக்க மருத்துவர் காஃபி எழுதிய காலத்திலிருந்து சப்டியூரல் ரத்தம், விழித்திரைக் கசிவு, மூளை வீக்கம் மூன்றும் இருந்தால் குழந்தையை உலுக்கியதே காரணம் என்ற வழக்கம் வேரூன்றியது. 2009-ல் அமெரிக்கக் குழந்தைநல மருத்துவக் கழகம் காயத்தின் வழிமுறையைப் பெயரில் வைக்காத சொல்லுக்கு மாறியது. 2016-ல் ஸ்வீடனின் அரசு மதிப்பீட்டு அமைப்பு, இந்த மூன்றை மட்டும் வைத்துச் சொல்வதற்கான ஆதாரம் குறைவு என்றது. குழந்தைநல மருத்துவர்களின் அமைப்புகள் அதை ஏற்கவில்லை. கனடாவின் ஒன்டாரியோவில் தடயவியல் பயிற்சியே இல்லாத நோய்க்குறியியல் மருத்துவர் சார்லஸ் ஸ்மித்தின் குழந்தை உடற்கூறாய்வுகளால் பெற்றோரும் பராமரிப்பாளர்களும் தவறாகத் தண்டிக்கப்பட்டதை 2008-ல் கௌட்ஜ் ஆணையம் அம்பலப்படுத்தியது. எனவே "உலுக்கிக் கொல்லப்பட்டது" என்று எழுத எனக்குக் கை வராது. "மழுங்கிய விசையால் ஏற்பட்ட தலைக்காயம், சொல்லப்பட்ட 60 செ.மீ. விழுகை இந்தக் காயங்கள் அனைத்தையும் விளக்கவில்லை, பரிசோதித்த நோய்களுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை" என்ற மூன்று வரி போதும். யார் செய்தார்கள் என்பது நீதிமன்றத்தின் வேலை. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 39-ஆம் பிரிவு நம்மிடம் கேட்பது நிபுணர் கருத்தை மட்டுமே.

செஷன்ஸ் நீதிமன்றத்தில் இரண்டு கேள்விகள் தவறாமல் வரும். "எவ்வளவு விசை, டாக்டர்?" எண்ணாகச் சொல்ல முடியாது என்பதே பதில். "காயம் பட்டபின் எவ்வளவு நேரம் குழந்தை சாதாரணமாக இருந்திருக்கும்?" கடுமையான பரவலான மூளைக்காயம் என்றால் உடனே மாற்றம் தெரிந்திருக்கும் என்று சொல்லலாம், மணிக்கணக்கு கொடுக்க வேண்டாம். குழந்தைகளை இங்கே புதைப்பதுதான் வழக்கம் என்பதால், சந்தேகம் தாமதமாக எழுந்தாலும் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 196-ஆம் பிரிவின்படி தாசில்தார் முன்னிலையில் தோண்டி எடுக்கும் உத்தரவு வரக்கூடும். அப்போது மூளை கரைந்திருக்கும். எலும்புகளுக்கு மட்டும் சல்லடையோடு போங்கள், பொருத்து விட்டுப் பிரிந்த மண்டையோட்டுத் துண்டுகளை முறிவு என்று எழுதிவிடாதீர்கள்.